மிஞ்சிய சோறு

அன்புள்ள ஐயா,

எனக்கு 47 வயது. பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கர். சென்ற மாதம் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. அன்றே அரிசியை விட்டுவிட்டேன். மனைவி எனக்கென்று தனியாக வரகும் சாமையும் பொங்கித் தருகிறாள். பிள்ளைகளுக்கு வழக்கம்போல் சோறு. மிஞ்சுவதை வீணாக்க மனமில்லாமல் அவள் சாப்பிட்டுவிடுகிறாள். தினமும் பூங்காவில் பத்தாயிரம் அடி நடக்கிறேன். சிறுதானியம் உண்மையிலேயே அரிசியைவிட நல்லதா? பத்தாயிரம் அடி கட்டாயமா? செக்கு எண்ணெயில் எது சிறந்தது?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

எண்ணெய்க் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. எந்தச் செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள், கணக்கர்தானே நீங்கள்.

பத்தாயிரம் அடி வேதவாக்கு அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தார்கள். ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். அந்த எண்தான் உலகம் முழுக்கப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஏழாயிரத்தில் நிறுத்தினாலும் பூங்காக் காவலாளி உங்களைப் பிடித்துவைக்கப் போவதில்லை. சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வேலை செய்யும் தசை ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அப்போதே இழுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகவே எழுதாத வரிக்கு வருகிறேன். ‘மிஞ்சுவதை அவள் சாப்பிட்டுவிடுகிறாள்.’ இதை எழுதும்போது உங்கள் கை நிற்கவே இல்லையா?

என் அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை. அம்மா அவருக்கென்று கோதுமையைக் குருணையாக உடைத்துப் பொங்குவாள். பாகற்காய் தினமும் ஒரு கைப்பிடி வாங்குவாள், அது அப்பாவின் இலைக்கு மட்டும் காணும். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மூன்று மணிக்கு, அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி வழித்துச் சாப்பிடுவாள். காயும் பருப்பும் எங்கள் வயிற்றில். அடிச்சட்டியில் புளி, உப்பு, எண்ணெய். அந்தச் சோறுதான் ருசி என்று அவளே சொல்லுவாள், நாங்களும் சௌகரியமாக நம்பினோம்.

அவளுக்கு 58 வயதில் காலில் முள் குத்தியது. ஒன்றரை மாதமாகியும் புண் ஆறவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ‘எத்தனை வருடமாகச் சர்க்கரை?’ என்று கேட்டார். அப்பா, ‘எனக்கா?’ என்றார்.

இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

வீட்டு வேலையே உங்கள் மனைவிக்கு உடற்பயிற்சி என்று எழுதப் போகிறீர்கள். இந்தப் பதிலை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அம்மியும் ஆட்டுக்கல்லும் கிணறும் இருந்தபோது அதில் உண்மை இருந்தது. இன்று அவர் மிக்சி முன்னால் நிற்கிறார், அடுப்பு முன்னால் நிற்கிறார், தொட்டி முன்னால் நிற்கிறார். மாலையில் கால் வீங்கும், மூச்சு வாங்காது. நிற்பது வேறு, நடப்பது வேறு. நீங்கள் பூங்காவைச் சுற்றும் அந்த ஒரு மணி நேரம் அவர் எங்கே இருக்கிறார்? உங்கள் வரகை ஊறவைத்துக்கொண்டிருக்கிறார்.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. காரணங்கள் பல. கீரையும் பயறும் மீனும் தீர்ந்த பிறகு பாத்திரம் யார் கைக்கு வருகிறது என்பதும் அதில் ஒன்று. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ வேறு. இருக்கும் கொஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் ஒட்டவிடாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வந்த எண்ணைப் பார்த்து அன்றே தட்டை மாற்றியவர் நீங்கள். எல்லோராலும் முடிகிற காரியமல்ல அது, என் அப்பா கடைசிவரை திருட்டு ஜிலேபி தின்றார். பயந்துபோய் எழுதியிருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. 6.1 என்பது எல்லைக்கோடு, இன்னும் நோயாகவில்லை, திரும்பி வரலாம்.

சிறுதானியத்தில் நார் அதிகம், நல்லதுதான். மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் அந்த நன்மை பாதி போய்விடும், சர்க்கரை விறுவிறுவென ஏறும். முழுதாகப் பொங்குங்கள், தட்டில் பாதி காயாக இருக்கட்டும். இரண்டு தட்டிலும்.

மறு கடிதத்தில் உங்கள் எண் வேண்டாம். உங்கள் மனைவிக்குக் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று அவரையே கேட்டு எழுதுங்கள். தேதி போதும்.