யாருக்காக அந்தக் கூண்டு? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூர்க்காரன். இப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதுகலை படிக்கிறேன். சென்ற வாரம் நண்பர்களுடன் ஒரு பேய் உலாவுக்குப் போயிருந்தேன். இருட்டிய பிறகு ராயல் மைல் தெருவில் கூட்டம் சேர்த்து, கறுப்பு அங்கி அணிந்த வழிகாட்டி ஒருவர் இரண்டு மணி நேரம் எங்களை நடத்திச் சென்றார். சூனியக்காரிகளை எரித்த காசில்ஹில், சவுத் பிரிட்ஜுக்கு அடியிலுள்ள நிலவறைகள், கடைசியாக கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். பிணங்கள் எழுந்து வராமல் இருக்கக் கல்லறைகளின்மேல் போட்டிருக்கும் இரும்புக் கூண்டுகள், வருபவர்களைக் கீறிவிடும் மெக்கென்ஸியின் ஆவி, பதினாறு பேரைக் கொன்ற பர்க்கும் ஹேரும் என்று ஒரே திகில். அதைவிட அதிகமாகச் சிரிப்பு. வாசலில் இருக்கும் பாபி நாய்ச் சிலையின் மூக்கைத் தேய்த்துப் படமும் எடுத்துக்கொண்டேன்.

பகுத்தறிவு பேசும் வீட்டில் வளர்ந்தவன் நான். எனவே மூன்று கேள்விகள். பேய் உண்டா என்பதில் உங்கள் நிலைப்பாடு என்ன? எதையும் சந்தேகித்த தத்துவஞானி டேவிட் ஹியூம் பிறந்த ஊர் பேயை விற்றுச் சம்பாதிப்பது முரண் அல்லவா? நம் தஞ்சாவூரிலும் இப்படி ஓர் உலாவைத் தொடங்கினால் என்ன? நானும் ஒரு நண்பனும் இதைப்பற்றித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்து ஓரமாகத் தள்ளப்பட்ட ஒரு கல்லைப் பற்றி எழுத உட்கார்ந்து, இரண்டு வாரமாக முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதிலுள்ள ஒரே ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். அது எந்த வரி என்று பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வியை விட்டுவிடுவோம். பேய் உண்டா இல்லையா என்று அறுபது வயதைத் தாண்டிய ஒரு கிழவியிடம் கேட்டு, அதையும் தன் பகுத்தறிவுக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் சாரம் குறைவுதான். ஹியூமை இதற்குள் இழுக்காதீர்கள். 1776இல் அவர் இறந்தபோது, கடவுள் நம்பிக்கையற்றவரின் கல்லறையை யாரேனும் சிதைத்துவிடுவார்களோ என்று அஞ்சி, நண்பர்கள் சில இரவுகள் அங்கே காவல் இருந்தார்கள். அந்த ஊரில் செத்தவர்களுக்குக் காவல் போடுவது அன்றே பழகிப்போன காரியம். அவர்கள் காவல் இருந்தது யாருக்கு எதிராக என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, நவம்பர் மாதத்தில், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அப்படியொரு உலாவில் நடந்திருக்கிறேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் வழிகாட்டி நன்றாகப் பேசத் தெரிந்த இளைஞர். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து வந்து அலற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிரேஃபிரையர்ஸில் அந்தக் கூண்டுகளின் முன்னால் நின்றோம். தரையோடு தரையாக, முழங்கால் உயரத்துக்குமேல் போகாத, கனத்த இரும்புக் கம்பிகள். நான் கையை வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் துரு விரலில் ஒட்டிக்கொண்டது. எனக்கு முன்னால் நின்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, உள்ளே இருப்பவர்கள் வெளியே வந்துவிடாமல் இருக்கத்தானா இது என்று கேட்டாள். வழிகாட்டி கண்ணைச் சிமிட்டி, ஆமாம், இன்றைக்குப் பூட்டு சரியாக இருக்கிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"பிணங்கள் எழுந்து வராமல் இருக்க" என்று நீங்கள் எழுதிய அந்த வரியைப் படித்ததும் விரலில் ஒட்டிய துருதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு வழிகாட்டி அப்படிச் சொன்னாரா, அவர் சரியாகச் சொல்லியும் நீங்கள் படம் எடுக்கும் மும்முரத்தில் காதில் வாங்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தம்பி, முதுகலை படிக்கிறேன் என்கிறீர்கள். அந்த ஊரின் மருத்துவப் பள்ளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றவை என்பதும், உடற்கூறு கற்பிக்கப் பிணங்கள் வேண்டும் என்பதும், தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்களையே நம்பியிருந்தால் மாணவர் கூட்டத்துக்கு அவை கட்டுப்படியாகாது என்பதும், எனவே இரவில் கல்லறையைத் தோண்டிப் புதுப்பிணம் எடுத்துவந்து விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது என்பதும் நூலகத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் செய்திகள். அந்தக் கூண்டு உயிரோடிருப்பவர்களிடமிருந்து செத்தவர்களைக் காப்பாற்றப் போட்டது. உள்ளேயிருந்து யாரும் எழுந்து வந்ததில்லை. வெளியேயிருந்துதான் மண்வெட்டியோடு வந்தார்கள்.

இதை ஒரு சிறு தகவல் பிழை என்று நீங்கள் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு ஓடியது என்பதையே அந்த உலா தலைகீழாக்கிவிடுகிறது. அன்றைக்குக் கூண்டுக்கும் விலை இருந்தது. பணமுள்ளவர்கள் சொந்தமாகச் செய்து வைத்துக்கொண்டார்கள். சில ஊர்களில் சங்கம் சேர்த்து வாங்கி, உடல் அழுகிப் பயனற்றுப் போகும் சில வாரங்கள்வரை ஒரு கல்லறைமேல் வைத்திருந்துவிட்டு, அடுத்த சாவுக்கு வாடகைக்குத் தூக்கிச் சென்றார்கள். அதுவும் முடியாதவர்கள், புதைத்த குழியின் பக்கத்தில் தாங்களே இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருந்தார்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, இறந்த மகளின் குழிமேட்டில் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். அவன் பேய்க்குப் பயந்து அங்கே உட்காரவில்லை.

பர்க்கையும் ஹேரையும் கல்லறைத் திருடர்கள் என்று பல இடங்களில் சொல்வார்கள். அவர்கள் ஒரு குழியையும் தோண்டியதில்லை. 1827 நவம்பரில், ஹேரின் விடுதியில் வாடகைப் பாக்கி வைத்துவிட்டு நோயில் இறந்துபோன ஒரு முதிய ஓய்வூதியக்காரரின் உடலை, டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறுப் பள்ளிக்கு 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். பாக்கியைவிட அதிகமாகவே கிடைத்தது. அதன்பின் யாரும் சாகும்வரை காத்திருப்பானேன் என்று, அடுத்த ஒரு வருடத்துக்குள் பதினாறு பேரை மூச்சடைத்துக் கொன்று அதே வாசலில் விற்றார்கள். மேரி பேட்டர்சன், தெருவெல்லாம் அறிந்த மனவளர்ச்சி குன்றிய இளைஞன் ஜேம்ஸ் வில்சன், மார்கரெட் டாக்கெர்ட்டி. பெரும்பாலோர் வழிப்போக்கர்கள், ஏழைகள், காணாமற்போனால் தேடிவர ஆளில்லாதவர்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். அவனுடைய எலும்புக்கூடு நீங்கள் படிக்கும் ஊரிலேயே, பல்கலைக்கழகத்தின் உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நாக்ஸ்மீது வழக்கே இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1832இல் ஒரு சட்டம் வந்தது. ஏழைகள் விடுதி போன்ற இடங்களில் இறந்து, உரிமை கோர ஆளில்லாமல் போகும் ஏழைகளின் உடல்களை உடற்கூறுப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது அது. அதோடு கல்லறைத் திருட்டு ஓய்ந்தது. எந்த வகை மனிதர்களைப் பர்க் தேடிப் பிடித்தானோ, அதே வகை மனிதர்களைச் சட்டம் ரசீது போட்டுக் கொடுத்தது. இந்தப் பகுதியில் உங்கள் வழிகாட்டி யாரையாவது பாய்ந்து அலற வைத்தாரா?

மெக்கென்ஸியின் ஆவிக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. 1998இல் வீடற்ற ஒருவர் கிரேஃபிரையர்ஸில் உள்ள ஒரு கல்லறை மண்டபத்துக்குள் புகுந்ததாகச் சொல்லப்படும் கதைக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த ஆவி அது. உங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்ததாக இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மெக்கென்ஸி என்ற மனிதரை அப்படித் தள்ளிவிட முடியாது. 1679 ஜூனில் பாத்வெல் பாலத்துப் போரில் தோற்ற, அரசனின் மதக் கட்டளைக்குப் பணிய மறுத்த கவனன்ட்டர்கள் சுமார் 1,200 பேரைக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய வெட்டவெளியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். அவர்கள் தரப்புக்கு எதிரான வழக்குகளை அரசுத் தலைமை வழக்கறிஞராக நடத்தியவர் இவர். எஞ்சியவர்களில் 257 பேரை அடிமை வேலைக்குக் கப்பலேற்ற, அது அந்த டிசம்பரில் ஆர்க்னித் தீவுக்கு அருகே உடைந்தது. கீழ்த்தளத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கிப்போனார்கள். வேடிக்கை என்னவென்றால், இரவில் கதவைத் திறந்து 'சிறை' என்று காட்டுகிறார்களே, அது அந்த வெளியின் ஒரு துண்டு மட்டுமே. அங்குள்ள மண்டபங்கள் பின்னால் எழுந்தவை. சிறைவெளியின் பெரும்பகுதி இன்றைய ஃபாரஸ்ட் ரோட்டுக் கட்டடங்களுக்கு அடியில் கிடக்கிறது. நீங்கள் தினமும் அதன்மேல் நடந்துதான் வகுப்புக்குப் போகிறீர்களோ என்னவோ.

அதே மெக்கென்ஸி, 1678இல் வெளிவந்த தன் குற்றவியல் சட்ட நூலில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். இளம் நீதிபதியாக இருந்த காலத்தில், சூனியக்காரி என்று ஒப்புக்கொண்ட சில பெண்களை விசாரிக்கப் போயிருக்கிறார். அவர்களில் ஒருத்தி தனியாக அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்: தான் ஒரு தவறும் செய்யவில்லை, அன்றாடம் வேலை செய்து சாப்பிடுகிறவள், ஒருமுறை சூனியக்காரி என்று பேர் வந்துவிட்ட பிறகு யாரும் சோறு போடமாட்டார்கள், தங்க இடம் தரமாட்டார்கள், எல்லோரும் அடிப்பார்கள், நாயை ஏவி விடுவார்கள், எனவே இந்த உலகத்தை விட்டுப் போய்விடத்தான் ஒப்புக்கொண்டேன். சொல்லிவிட்டு அழுதாளாம். ஸ்காட்லாந்தில் 1563 முதல் 1736 வரை இருந்த சூனியச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டோர் 3,800 பேருக்குமேல் என்று ஆய்வாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். 2022 மகளிர் நாளன்று அந்நாட்டின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் காசில்ஹில்லில் நின்றபோது கேட்ட கதையில் அந்தப் பெண் வந்தாளா? வந்திருக்கமாட்டாள். அவளுக்குப் பேய்மேல் பயமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்மேல் பயம். அதைச் சொன்னால் டிக்கெட் வாங்கியவர்களுக்கு ருசிக்காது. நாயின் மூக்கைத் தேய்க்கச் சொல்லும் வழக்கமும் சமீபத்தில் யாரோ கிளப்பிவிட்டதுதான். தேய்த்துத் தேய்த்து அந்த வெண்கலம் பல்லிளிக்கிறது. போகட்டும்.

இப்போது தஞ்சாவூர். நான் சொன்ன கல் சுமைதாங்கிக் கல். இரண்டு நட்ட கற்களின்மேல் ஒரு குறுக்குக் கல். தலைச்சுமையோடு வருபவர் இன்னொருவரின் கை எதிர்பாராமல் இறக்கி வைத்து, மறுபடி ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் பெயரால் அதை நடுவார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்க் கல்லருகே அந்தி சாய்ந்தால் நான் ஓடுவேன். பையன்கள் அங்கே பேய் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் விறகுக் கட்டோடு வந்த அப்பாயி என்னைப் பிடித்து நிறுத்தி, கட்டை அந்தக் கல்லில் இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவ உன்னைய என்னடி பண்ணிடப் போறா? விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பாம வுட்டது நாமதானே." பிறகு இறந்தவளின் பெயரைச் சொன்னாள். அவளுக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்றும் சொன்னாள்.

நீங்களும் உங்கள் நண்பரும் தொடங்கப்போகும் உலாவில் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் டார்ச் விளக்கோடு அந்தக் கல்லின் முன்னால் நின்று, கர்ப்பிணிப் பேய் என்று குரலைத் தாழ்த்துவார். பின்னாலிருந்து ஒருவர் குழந்தைபோல் அழுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆளுக்கு முந்நூறு ரூபாய் வசூலிப்பீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். முடியுமானால் அப்பாயி சொன்னதைச் சொல்லும் ஓர் உலாவை நடத்துங்கள். அதற்குக் கூட்டம் வராது, நண்பர் விலகிக்கொள்வார். ஆனால் நான் வருவேன், முந்நூறு ரூபாயும் கொடுப்பேன்.

அதற்குமுன், கிரேஃபிரையர்ஸுக்குப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை தனியாகப் போய்வாருங்கள். பகலில் கட்டணம் ஏதும் கிடையாது. கூண்டுகளின் பக்கத்தில் சற்று நேரம் நில்லுங்கள். ஏதேனும் ஒரு குழந்தை வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால், நான் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்த பதிலை நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அம்மா