பென்சில் வட்டம்

அன்புள்ள ஐயா,

நைட் ஷிஃப்டில் ஃபோனிலேயே தட்டச்சு செய்து என் முதல் நாவலை முடித்துவிட்டேன். பதிப்பகத்துக்குக் கொடுப்பதா, நானே பிஓடியில், அதாவது தேவைக்கேற்பக் கொஞ்சமாக அச்சிடும் முறையில், 100 பிரதி போட்டுக்கொள்வதா? பிரச்சினை வேண்டாமென்று ஊர்ப்பெயரையும் சாதிப்பெயரையும் எடுத்துவிட்டேன். ஆனால் நண்பர்கள், “அப்படியே விடு, யாராவது எதிர்த்தால் நன்றாக விற்கும்” என்கிறார்கள். தடைதானே இன்று பெரிய விளம்பரம்? மின்நூல் காலத்தில் யாரால் எதைத் தடுக்க முடியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தூக்கத்தை விட்டு ஒரு நாவலை முடித்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு என் அன்பு. ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம்.

ஆனால் அந்த விளம்பரப் பேச்சை இனி யாரிடமும் பேசாதீர்கள். படித்ததும் கோபம் வந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. நான்கு ஆண்டுகள் சத்தமே இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின், தங்கள் ஊரையும் கோயிலையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் ‘அமைதிப் பேச்சு’ என்று கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்பதாகவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். தடை ஆணை என்று ஒன்று இல்லவே இல்லை. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலையில். ஒன்றரை ஆண்டு! அப்புறம் நன்றாக விற்றது, சரி. ஆனால் திரும்ப எழுத வந்தபோது, ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கும் தணிக்கையாளர் ஒருவர் தனக்குள் உட்கார்ந்துவிட்டதாக அவர் சொன்னார். இதையா விளம்பரம் என்கிறீர்கள்?

மின்நூல் விஷயம் இருக்கட்டும். பிஓடியா பதிப்பகமா என்பதும் பெரிய கேள்வி இல்லை. முன்பு 1000, 1200 பிரதி அடித்துவிட்டு, அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணைக்குக் காத்திருந்தோம். இப்போது 100 போட்டு, தீர்ந்தால் இன்னொரு 50 போடலாம்.

என்னை உறுத்துவது, யாரும் கேட்காமலே நீங்கள் பெயர்களை எடுத்தது.

அந்த 2015 பிப்ரவரியில் என் நாவலும் அச்சுக்கு முன் மெய்ப்புத் திருத்தத்தில் இருந்தது. பதிப்பாளர் வரச்சொன்னார். டீ வந்தது. மூன்று தாள்களின் மூலையை மடித்துவைத்திருந்தார். எங்கள் ஊர், அம்மன் கோயில், ஒரு சாதி. மூன்று பெயரையும் சுற்றி மெலிதாகப் பென்சில் வட்டம். அழித்தால் தடம் தெரியாது. “உங்க இஷ்டம் சார், நான் வற்புறுத்தல. குடோன்ல மத்தவங்க புக்கும் இருக்கு, அதான்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதே புதுப் பெயர்களை யோசித்து முடித்துவிட்டேன்.

அந்தக் கோயில் வாசலில் நடந்ததை எனக்குச் சொன்னவர் என் பெரியத்தை. படிக்கத் தெரியாதவர். புத்தகம் வந்ததும் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். “நல்லாத்தான் இருக்கு. இது எந்த ஊருல நடந்துச்சு?” என்றார். அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அது வருவதற்குள் அவர் போய்விட்டார்.

உங்கள் நண்பர்கள் சொல்கிற மாதிரி விற்பனைக்காக அந்தப் பெயர்கள் வேண்டாம். கதை அங்கே நடந்தது என்பதற்காகத் திரும்பப் போடுங்கள். போட்டு எனக்கு அனுப்புங்கள். யாரிடம் கொடுப்பது என்று அப்புறம் பேசலாம்.