வாசகர் கேள்வி-பதில்: முதல் சம்பளம் வரும்வரை கூட நில்லுங்கள்

வீடும் ஆதரவும் இல்லாமல் 18 வயதைக் கடந்தவர்களுக்குத் தன்னார்வலராக எப்படி உதவுவது என்று சென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியும். கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். யாரைப் பார்ப்பது?
(வாசகி, குரோம்பேட்டை)

இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்கள். எது உங்களுக்குப் பக்கம் என்று மாநகராட்சியின் உதவி எண் 1913-ல் கேட்கலாம். மற்றொன்று, குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து 18 வயதில் வெளியே வருபவர்களுக்கான பின்காப்பு, அதாவது வெளியே வந்த பிறகும் தொடரும் ஆதரவு. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் ரூ.4,000 உதவித்தொகையும் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். இல்லத்தை விட்டு வரும் பலருக்கு இப்படி ஒரு தொகை இருப்பதே தெரியாது. அதைச் சொல்லி விண்ணப்பிக்க வைத்தாலே பெரிய உதவி.

என்ன வகுப்பு, எந்த நேரம் என்பதை நீங்களே முடிவு செய்து கொண்டு போகாதீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் பகலில் ஏதோ ஒரு கூலி வேலைக்குப் போகிறவர்கள். பகல் 11 மணி வகுப்புக்கு அவர்களால் வர முடியாது. இரவு 7 மணிக்கு மேல், அதே கிழமை, அதே நேரம், குறைந்தது ஆறு மாதம் வர முடியுமா என்று யோசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். நடுவில் காணாமல் போகிறவர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். போட்டோ எடுக்க வேண்டாம், எப்படி இந்த நிலைக்கு வந்தாய் என்று கேட்கவும் வேண்டாம். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்டால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.

காப்பகத்தில் இருக்கும் 20 வயதுப் பையனுக்கு ஆதார் இல்லை என்கிறான். இரண்டு முறை விண்ணப்பித்தும் நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?
(வாசகர், பெரம்பூர்)

பெரும்பாலும் அவனுக்கு ஆதார் ஏற்கெனவே இருக்கும். பள்ளியிலோ இல்லத்திலோ சிறு வயதில் எடுத்திருப்பார்கள், அட்டை தொலைந்திருக்கும். புதிதாக விண்ணப்பித்தால் கைரேகை பழையதோடு பொருந்தி, இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடும். ஆகவே புதுப் பதிவு வேண்டாம். ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துப்போய்ப் பழைய எண்ணைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, அப்போதிருந்த ஊரின் பின்கோடு கேட்பார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் உள்ளபடியே சொல்ல வேண்டும். 15 வயதில் கைரேகையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் ரேகை பொருந்தாமல் போகலாம். அப்போது ஆதார் உதவி எண் 1947-ல் அழைத்து வழி கேளுங்கள்.

எண் கிடைத்ததும் அதோடு எந்த செல்போன் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இல்லத்து வார்டனின் போன் எண்ணாக இருக்கும். வங்கி, பி.எஃப். எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அங்கேதான் போகும். அவன் பெயரில் ஒரு சிம் வாங்கி, அதே மையத்தில் எண்ணை மாற்றுங்கள். முகவரி மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் படிவத்தில் போட்டோ ஒட்டி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும் சான்று செல்லும். அது மூன்று மாதம்தான் செல்லுபடியாகும் என்பதால், மையத்தில் நாள் குறித்துவிட்டு வாங்குங்கள்.

நிஜமாகவே ஆதார் இல்லை என்றால் 18 வயதுக்கு மேற்பட்டவரின் புதுப் பதிவுக்கு மாநில அரசின் சரிபார்ப்பு உண்டு. மாதக்கணக்கில் ஆகும். காத்திருக்கும் நேரத்தில் வங்கியில் 'சிறு கணக்கு' தொடங்கலாம். வங்கி அதிகாரி முன்னால் போட்டோவில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். இருப்பு ரூ.50,000-ஐத் தாண்டக்கூடாது, மாதம் ரூ.10,000-க்கு மேல் எடுக்க முடியாது, 12 மாதத்துக்குள் அடையாளச் சான்றுக்கு விண்ணப்பித்ததைக் காட்ட வேண்டும். கிளையில் 'அப்படி ஒன்று இல்லை' என்று சொன்னால், ஜன்தன் படிவத்தைக் கேட்டு மேலாளரைப் பாருங்கள்.

வாக்காளர் அட்டையையும் விட்டுவிடாதீர்கள். நடைபாதையில் தூங்குபவருக்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. வாக்காளராகச் சேர்வதற்கான படிவம் 6-ல் எழுதிய இடத்தில் அவர் உண்மையில் படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து பார்ப்பார். அந்த இரவுகளில் ஆள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு பேரைத் துணிக்கடையிலும் ஓட்டலிலும் சேர்த்துவிட்டோம். மூன்று பேர் பதினைந்து நாளில் நின்றுவிட்டார்கள். உழைக்க மனமில்லையா?
(வாசகர், தாம்பரம்)

மனம் இருக்கிறது, கையில் காசு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 3-ம் தேதி வேலையில் சேர்கிறான். சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதி. இடையில் 35 நாள். நாளுக்கு நூறு ரூபாய் சாப்பாடு என்றால் ரூ.3,500. மாநகரப் பேருந்தின் மாதப் பாஸ் ரூ.1,000. கறுப்பு பேன்ட், ஷூ, இரண்டு சட்டைக்கு சுமார் ரூ.1,500. போன் ரீசார்ஜ் ரூ.300. ஆக ரூ.6,300. இந்தப் பணம் இல்லாதவன் பத்தாம் நாள் பழைய இடத்துக்கே, அன்றன்றைக்குக் கூலி கிடைக்கும் மூட்டை தூக்கும் வேலைக்கே திரும்புவான். இதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

ஆகவே வேலை தேடும் முன்பே இந்த 35 நாளுக்கு வழி செய்யுங்கள். முதலாளியிடம் முதல் மாதம் மட்டும் வாரா வாரம் முன்பணம் தரச் சொல்லிக் கேளுங்கள், சிறிய கடைகளில் பலர் ஒத்துக்கொள்வார்கள். காலையும் மதியமும் அம்மா உணவகம் கைகொடுக்கும்: இட்லி ரூ.1, சாம்பார் சாதம் ரூ.5, தயிர் சாதம் ரூ.3. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பயணம் இலவசம். முதல் இரண்டு மாதம் காப்பகத்தை விட்டு அறை எடுக்க விடாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்த கையோடு கடன் தொடங்கும். இரவு ஷிஃப்ட் என்றால் காப்பகக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். ஷிஃப்ட் நேரத்தை முதலாளியிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வார்டனிடம் கொடுத்தால் தகராறு வராது.

இன்னொரு காரணம் சின்னதாகத் தெரியும். ஒரு நாள் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை, போன் செய்யவும் இல்லை. மறுநாள் திட்டு வாங்கப் பயந்து அன்றும் போகவில்லை. மூன்றாம் நாள் வேலையே போனது. போன் செய்து லீவு சொல்வது என்பது வீட்டில் அப்பாவோ அண்ணனோ செய்வதைப் பார்த்துப் பழகுகிற விஷயம். பார்க்காதவனுக்கு அது தெரியாது. வகுப்பில் ஒரு மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள். நீங்கள் அடுத்த அறையில் சூப்பர்வைசராக உட்காருங்கள், அவன் நிஜமாகவே டயல் செய்யட்டும்: "சார், நான் பேக்கிங்ல வேலை பாக்குற தம்பி பேசுறேன். காய்ச்சலா இருக்கு. இன்னைக்கு வர முடியல சார். நாளைக்குக் காலைல வந்துடுவேன்." நீங்கள் கொஞ்சம் கோபமாகப் பதில் சொல்லுங்கள். திட்டைக் கேட்டுக்கொண்டே, "சரி சார், நாளைக்கு வந்துடுறேன்" என்று முடிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. நான்கைந்து முறை செய்து பார்த்தால் குரல் நடுங்குவது நிற்கும்.

பணத்தைச் சேமிக்கச் சொல்லிக் கொடுத்தால் காதில் வாங்குவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி, அம்பத்தூர்)

சேமிப்பு பிறகு. முதலில் சம்பளச் சீட்டு. மொத்தச் சம்பளம் ரூ.12,000, அதில் அடிப்படை ரூ.9,000 என்று எழுதுங்கள். அடிப்படையில் 12 சதவீதம் பி.எஃப். ரூ.1,080, மொத்தத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. ரூ.90. கைக்கு வருவது ரூ.10,830. 'பன்னிரண்டாயிரம் என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டார்கள்' என்று முதல் சம்பள நாளிலேயே வேலையை விடுபவர்கள் உண்டு. பி.எஃப். பணம் அவனுடையதுதான், வேலை மாறினாலும் அதற்கான அடையாள எண் (யு.ஏ.என்.) ஒன்றே என்பதைச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ.யில் மருத்துவம் கிடைக்கும்.

அடுத்தது மிக முக்கியம். இவர்களைத் தேடி ஒரு கூட்டம் வருகிறது. 'பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் கொடு, ஐயாயிரம் தருகிறேன்' என்பார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனை. ஏற்கெனவே கொடுத்துவிட்டவன் இருந்தால் தாமதிக்காமல் வங்கியில் கணக்கை முடக்கச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930-ல் தெரிவிக்கச் சொல்லுங்கள். கூடவே சட்ட உதவி மையத்துக்கும் அழைத்துப் போங்கள். அதேபோல, வேலைக்கு முன்பணம் கேட்கும் ஏஜென்டிடமும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்திலும் சேர வேண்டாம்.

கையில் பணமாகக் கொடுக்கலாமா?
(வாசகர், வேளச்சேரி)

வேண்டாம். பாஸ், ஷூ, ஐ.டி.ஐ. படிப்பவனுக்குக் கருவிகள் என்று பொருளாக, காப்பகத்தின் மூலம் கொடுங்கள்.

நேர்காணலில் 'அப்பா என்ன செய்கிறார்?' என்று கேட்டால் என்ன சொல்ல வைப்பது?
(வாசகி, மயிலாப்பூர்)

பொய் சொல்லச் சொல்லாதீர்கள், பிறகு மாட்டிக்கொள்வான். "குடும்பம் இல்லை மேடம், நானே பார்த்துக்கிறேன். ரெண்டு வருஷமா கேட்டரிங் வேலை செய்றேன்" என்று ஒரே மூச்சில் வேலைப் பக்கம் திருப்பப் பழக்குங்கள். அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் முகவரிக்குக் காப்பகத்தின் கதவு எண்ணும் தெருப் பெயரும் போதும். அவசரத் தொடர்புக்கு வார்டனின் எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்கள் எண்ணைக் கொடுப்பதாக இருந்தால், அவன் காணவில்லை என்று சூப்பர்வைசர் காலை ஒன்பதரைக்கு அழைக்கும்போது நீங்கள் எடுத்தாக வேண்டும். ஆபீஸ் நேரத்தில் போனை சைலன்ட்டில் போடுகிறவர் என்றால் வார்டன் எண்ணே இருக்கட்டும்.