முதலில் ஓட்டு, பிறகு பள்ளிக்கூடம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தேர்தல் பணியில் இருந்தேன். விரலில் மை வைக்கும் வேலை. ஒரு மூதாட்டி கையை நீட்டியபடியே, "இது எதுக்குச் சாமி நடக்குற ஓட்டு?" என்று கேட்டார். இன்னொருவர் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கத்தான் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். வெளியே பணம் கைமாறியதாகவும் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து மனது ஆறவில்லை. வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். ஆசிரியராக நான் தகுதித் தேர்வு எழுத வேண்டும். நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்ய மட்டும் ஒன்றுமே தெரிந்திருக்க வேண்டாமா? பத்துக் கேள்விகளோடு ஒரு சின்னத் தேர்வு வைத்தால் என்ன தவறு? ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்கூடப் படித்தவர்களுக்குக் கூடுதல் ஓட்டு கொடுக்கலாம் என்றுதானே சொன்னார்? ஒரு வாக்காளருக்குக் குறைந்தபட்சம் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் இலங்கை அட்டனிலிருந்து என் சித்தப்பா மகன் வந்திருந்தான். தோட்டப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் குடும்பத்தில் யார் பள்ளிக்கூடம் போனார்கள், யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்று பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. அது மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருக்க மாட்டேன். இந்த மாதிரிக் கடிதங்கள் ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் எனக்கு வருகின்றன.

சில விஷயங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். ஓட்டுக்குப் பணம் என்பது பெரிய நோய்தான், ஆனால் அது தனிப் பேச்சு. பணத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கணக்குப் பார்த்துப் பிரிப்பவர்கள் எழுத்தறியாதவர்கள் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லைசென்ஸ் வாதம் நிற்காது. லைசென்ஸ் கிடைக்காதவர் வண்டி ஓட்டாமல் இருந்துவிடலாம், பஸ்ஸில் போகலாம். சட்டத்துக்கு வெளியே போய் வாழ யாராலும் முடியாது. உங்கள் தேர்வில் தோற்ற கிழவிக்கும் அரிசி விலை ஏறும்.

மில் அப்படிச் சொன்னது 1861இல். பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்குத் தனித் தொகுதியும் இரண்டாவது ஓட்டும் இருந்தன. 1948இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் சட்ட மேலவையில் பட்டதாரிகளுக்குத் தொகுதி இருந்தது, ஆசிரியர்களுக்குத் தொகுதி இருந்தது. 1986இல் மேலவை கலைக்கப்படும் வரை உங்களைப் போன்ற பட்டதாரி ஆசிரியர் ஒருவர் சட்டசபைக்கு ஒரு ஓட்டும், மேலவைக்குப் பட்டதாரியாக ஒன்றும், ஆசிரியராக ஒன்றும் போட முடிந்தது. அந்த ஓட்டுகளில் போனவர்கள் மற்றவர்களைவிட உயர்ந்த மனிதர்களாகத் தனித்துத் தெரிந்தார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

சரி, இப்போது என் அப்பாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். சிறு பிள்ளையாக இருக்கும்போதே தலையில் கூடைக் கயிறு ஏறிவிட்டது. அ, ஆ தெரியாது. சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு. ஆனால் 1947இல் அவளுக்கு ஓட்டு இருந்தது. இலங்கையில் 1931லேயே இருபத்தொரு வயதான ஆண், பெண் அனைவருக்கும் ஓட்டுரிமை வந்துவிட்டது. அப்போது இந்தியாவில் சொத்தோ வரியோ படிப்போ காட்டியவர்களுக்குத்தான் ஓட்டு. இலங்கையின் படித்த பெரிய மனிதர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். சர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களில் ஒருவர். பாமரர் கையில் அதிகாரம் போனால் நாடு கெட்டுவிடும் என்ற பயம். நீங்கள் எழுதியிருப்பதும் அந்தப் பயம்தான்.

நாடு கெட்டதா? ஓட்டு வந்து பதினான்கே வருடத்தில், 1945இல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் பெயரை இன்றும் அங்கே மரியாதையாகச் சொல்வார்கள். அவர் நல்ல மனிதர், தொலைநோக்கு உள்ளவர், எல்லாம் சரி. ஆனால் அந்தத் திட்டம் சபையில் நிறைவேறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சபையில் கை தூக்கிய ஒவ்வொருவரும் அடுத்த தேர்தலில் எழுத்தறியாத ஊர்களுக்குள் போய் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குப் படிப்பில்லை என்பதை உங்களையும் என்னையும்விட நன்றாக அறிந்தவர்கள். பிள்ளைகளுக்காவது வேண்டும் என்று கேட்டார்கள்.

மலையில் நடந்ததோ வேறு. 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் நுவரெலியாவிலிருந்து போனார். வேறு சில தொகுதிகளில் அவர்கள் ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டார்கள். லயத்தில் பிறந்தவர்களிடம் அந்தக் காகிதம் எப்படி இருக்கும்? 1949இல் ஓட்டும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைத் தேயிலை கொடுத்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியின் பலன் வந்து சேரவில்லை. 1960, 61இல் நாட்டின் தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்தபோது தோட்டப் பள்ளிகளை விட்டுவிட்டது. நான் படித்த பள்ளி ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடக்கும்போது மற்ற நான்கு வகுப்பும் சத்தமாக எதையாவது ஒப்பித்துக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்பு முடிந்தால் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலைக்கோ கொழுந்து பறிக்கவோ போக வேண்டியதுதான். ஓடைக்கு அந்தப் பக்கம் கிராமத்து அரசுப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருந்தார். ஒரே மழை, ஒரே மலை, ஒரே அரசாங்கம். அந்தப் பக்கம் ஓட்டு இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. எங்கள் பிள்ளைகளை எந்த அமைச்சரும் வெறுத்திருக்க வேண்டியதில்லை. எங்களை நினைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று, அது போதும்.

1970களில் தோட்டங்களை அரசு எடுத்த பிறகுதான் அந்தப் பள்ளிகளும் அரசின் கைக்கு வந்தன. ஆசிரியர் நியமனமும் கட்டடமும் மும்முரமாக நடந்தது 1980களின் கடைசியில், குடியுரிமையும் ஓட்டும் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில். அட்டனிலிருந்து வந்த அந்தத் தம்பி ஆசிரியரானது அப்படித்தான். "ஓட்டு வந்தப்புறம்தான் எங்களுக்கு பிளாக்போர்டு வந்துச்சு" என்றான் அன்று ராத்திரி.

இப்போது உங்கள் பத்துக் கேள்வியை அந்த மலையில் 1950இல் வைத்துப் பாருங்கள். அப்பாயி தோற்றுப்போவாள். தோற்றால் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் பள்ளிக்கூடம் வராது. பள்ளிக்கூடம் வராததால் அவள் மகனும் தோற்பான், பேரனும் தோற்பான். அறிவு வந்த பிறகு உரிமை என்று சொல்கிறவர், அறிவைக் கொண்டுவர வேண்டியவர்களை எந்தப் பொறுப்பும் இல்லாமல் விடுவித்துவிடுகிறார். சமூக அறிவியல் ஆசிரியரான உங்களுக்கு இது தோன்றாமல் போனதுதான் எனக்கு வருத்தம். கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் வகுப்பறை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஓட்டுப் போட்டு வாங்கியது.

நம் முதல் பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1951 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் 18 சதவீதம்தான். இது தெரியாமல் அனைவருக்கும் ஓட்டுக் கொடுத்துவிடவில்லை. அரசியல் நிர்ணய சபையில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் 1949 நவம்பரில், மக்களின் அறியாமையும் எழுத்தறியாமையும் தெரிந்தே, சாதாரண மனிதன் மேல் உள்ள நம்பிக்கையால் இதை ஏற்கிறோம் என்று பேசினார். அதற்கு இருபது வருடம் முன்பே, சைமன் கமிஷன் காலத்தில், அம்பேத்கர் படிப்பை ஓட்டுக்குத் தகுதியாக வைப்பதை மறுத்து வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டுக் கேட்டிருந்தார். படிப்பு யாருக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயம் இல்லை.

தேர்தல் ஆணையர் சுகுமார் சென் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம் என்று ஏற்பாடு செய்தார். அந்தப் பெட்டிகளில் சென்னை மாநிலத்து மக்கள் என்ன போட்டார்கள்? சுதந்திரம் வாங்கித் தந்த கட்சிக்கு, வாங்கி ஐந்து வருடம் ஆவதற்குள், 375 இடங்களில் 152தான் கொடுத்தார்கள். உணவுத் தட்டுப்பாடும் ரேஷனும் மக்களை வாட்டிய காலம் அது. பழைய நன்றிக்காக இப்போதைய பசியை மறக்க மாட்டோம் என்று சொல்லத் தெரிந்தவர்களை அறிவில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சபையின் காலத்திலேயே ராஜாஜியின் அரைநாள் பள்ளித் திட்டம் வந்தது, எதிர்ப்பில் விழுந்தது. காமராஜர் முதல்வரானார், மதிய உணவு வந்தது.

தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று 1964இல் இரு நாடுகளும் செய்த சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தோம். முப்பது வருடம் கழித்து அப்பாயி மறுபடி ஓட்டுப் போட்டது 1977இல். மார்ச்சில் நாடாளுமன்றத்துக்கு, ஜூனில் சட்டமன்றத்துக்கு. "மூணு மாசத்துல ரெண்டு ஓட்டா, போன தடவ போட்டது செல்லலியா?" என்று கேட்டாள். உங்கள் தேர்வில் முதல் கேள்வியிலேயே அவுட். ஆனால் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், எந்த டாக்டர் எந்தக் கிழமை வருவதில்லை, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர் குறைகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும், எந்தக் கட்சி என்று பார்க்காமல், ரேஷன் கடையை எங்கள் குடியிருப்புப் பக்கம் கொண்டுவருவாயா என்று கேட்டாள். எம்.பி.யிடம் கேட்க வேண்டியதா, எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வந்தவர்களில் யாராவது ஒருவர் நின்று சொல்லித் தந்திருந்தால் தெரிந்துகொண்டிருப்பாள்.

தேர்வு நியாயமாக நடக்கும் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் மிசிசிப்பியில் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் பதிவு அதிகாரி. 1964இல் அங்கே ஓட்டுரிமை வயதுள்ள கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிவானவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. மறு வருடம் சட்டம் வந்து அந்தத் தேர்வு நின்றது. 1967க்குள் பாதிக்கு மேல் பதிவாகிவிட்டார்கள். இரண்டு மூன்று வருடத்தில் ஒரு மாநிலமே திடீரென்று அறிவாளியாகிவிடவில்லை, கேள்வித்தாள் வைத்திருந்தவர் கையை எடுத்தார். நம் ஊரில் அந்த அதிகாரி எந்தத் தெருவிலிருந்து வருவார், எந்தத் தெருக்காரர்களிடம் கடினமான கேள்வி கேட்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் போடுபவருக்கு வேண்டாம், நிற்பவருக்காவது படிப்புத் தகுதி வைக்கலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஹரியானா 2015இல் வைத்தது. பஞ்சாயத்தில் நிற்கப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் சற்றுத் தளர்த்தி. உச்ச நீதிமன்றமும் அந்த டிசம்பரில் அது செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூடம் கட்டாமல் விட்ட அரசு, பள்ளிக்கூடம் போகாததற்காக அந்தப் பெண்களைத் தண்டித்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட காமராஜர் அந்த விதிப்படி ஒரு பஞ்சாயத்து உறுப்பினராகக்கூட நின்றிருக்க முடியாது.

குறைந்தபட்சம் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அறியாமையை நான் கொண்டாடவில்லை. என் அப்பாயியே கொண்டாடியதில்லை, என்னை அடித்துப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். அறிவைச் சாவடி வாசலில் சோதிக்காதீர்கள், அதற்கு முன்னால் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறேன். உங்களுக்கு அதற்கு இடமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருகிறார்கள், தாத்தா பாட்டிகளும் வருவார்கள். அடுத்த கூட்டத்தில் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். எம்.பி.யின் வேலை என்ன, எம்.எல்.ஏ.வின் வேலை என்ன, பஞ்சாயத்துத் தலைவரின் வேலை என்ன என்று உங்கள் வகுப்பில் நடத்துவதுபோலவே நடத்துங்கள். கட்சிப் பேச்சு வேண்டாம். அவர்கள் கேள்வி கேட்கட்டும். என்னென்ன கேட்டார்கள் என்று எனக்கு விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்.