முதல் தடவை திறக்கும்போது மட்டும் வெப் அப்ளிகேஷன் இழுப்பது ஏன்?

ஐஐஎஸ்ஸில் (விண்டோஸின் வெப் சர்வர்) ஓடும் உங்கள் அப்ளிகேஷனைக் காலையில் முதல் ஆள் திறந்தால் பத்து வினாடி வெள்ளைத் திரை, அப்புறம் பறக்கிறது என்கிறீர்கள். தூங்கிப்போன சர்வரும் இப்படித்தான் இழுக்கும், கனமான ஜாவாஸ்கிரிப்டும் இப்படித்தான் இழுக்கும். எது என்று பார்க்காமல் படங்களைச் சுருக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அரை மணி நேரம் யாரும் தொடாமல் விட்டுவிட்டு, குரோமில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபோடு பக்கத்தைத் திறங்கள். பட்டியலின் முதல் வரியில் 'டைமிங்' பாருங்கள். 'வெயிட்டிங் ஃபார் சர்வர் ரெஸ்பான்ஸ்' மட்டுமே எட்டு வினாடி தின்றால் கோளாறு சர்வரில். 0.8 வினாடிக்குள் இருந்தால் சர்வரை விட்டுவிடலாம்.

உங்களுடையது ஐஐஎஸ் என்பதால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். 20 நிமிடம் யாரும் வராவிட்டால் அது வொர்க்கர் புராசஸை, அதாவது உங்கள் அப்ளிகேஷனை ஓட்டும் புராசஸை, நிறுத்திவிடும். அடுத்து வருபவர் தலையில்தான் புராசஸ் கிளம்புவது, கோட் கம்பைல் ஆவது, டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் விடியும். ஐஐஎஸ் மேனேஜரில் அப்ளிகேஷன் பூலின் (அந்தப் புராசஸுக்கான அமைப்புகள் இருக்கும் இடம்) அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில் ஐடில் டைம்-அவுட்டை 0 ஆக்கி, ஸ்டார்ட் மோடை 'ஆல்வேஸ் ரன்னிங்' ஆக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது புராசஸ் மட்டும் விழித்திருக்கும், அப்ளிகேஷன் ஏறியிருக்காது. சைட்டின் செட்டிங்ஸில் 'ப்ரீலோட் எனேபிள்ட்' ட்ரூ ஆக வேண்டும். அது வேலை செய்ய 'அப்ளிகேஷன் இனிஷியலைசேஷன்' அம்சத்தை விண்டோஸில் நிறுவியிருக்க வேண்டும்.

ரீசைக்கிளிங்கையும் பாருங்கள், அதாவது ஐஐஎஸ் குறிப்பிட்ட இடைவெளியில் புராசஸை மூடிப் புதிதாகக் கிளப்புவதை. இயல்பாக 1740 நிமிடம், அதாவது 29 மணி நேரம். தினமும் ஐந்து மணி நேரம் தள்ளித் தள்ளிப் போய் ஒருநாள் சரியாக வேலை நேரத்தில் வந்து விழும். அதை 0 ஆக்கி, ஆளில்லாத ஒரு நேரத்தைக் குறித்துவிடுங்கள். சர்வர் தூங்காமலிருக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் தானாகத் திறந்து பிங் அடிப்பது ஒட்டுப்போடும் வேலை. ரீசைக்கிள் ஆனபின் அடுத்த பிங்குக்கு முன்னால் யாராவது வந்தால் மாட்டிக்கொள்வார்.

சர்வர் சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது என்றால், 'டிசேபிள் கேஷ்' டிக் செய்து ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் ரெஸ்பான்ஸ் ஹெடரைப் பாருங்கள். கன்டென்ட்-என்கோடிங் வரியே இல்லையா? சுருக்காமல் அப்படியே போகிறது. (ஐஐஎஸ்ஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர் வைத்திருந்தால்: சுருக்கும் வசதியான ஜிசிப்பை ஆன் செய்தால் மட்டும் போதாது. இயல்பாக அது எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் வகைகளை நாம்தான் சேர்க்க வேண்டும்.) பிறகு கவரேஜ் டேபில் முதல் பக்கத்துக்குத் தேவைப்படாத கோட் எவ்வளவு என்று பார்த்து, அதை டைனமிக் இம்போர்ட்டுக்குத் (தேவைப்படும்போது மட்டும் கோடை இறக்குவது) தள்ளுங்கள்.

அடுத்து கேஷ்-கன்ட்ரோல் ஹெடர். பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் மாறும் எழுத்துக்கோவை) உள்ள கோப்புகளுக்கு மேக்ஸ்-ஏஜ் 31536000 வினாடி, ஒரு வருடம். இன்டெக்ஸ் எச்டிஎம்எல்லுக்கு நோ-கேஷ், அதாவது ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டுச் சரிபார்ப்பது. இதற்கும் ஒரு வருடம் கொடுத்துவிட்டால், அடுத்த ரிலீஸில் பழைய எச்டிஎம்எல் அழிந்துபோன கோப்பைத் தேடும். வெள்ளைத் திரை திரும்ப வரும், இந்தத் தடவை போகாது.