அம்மாவுக்கு எந்த மின் சைக்கிள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், பெரியா என்ற மேட்டுப் பகுதியில் இருக்கும் அம்மாவுக்கு, காலைத் தூக்கிப்போடாமல் ஏறக்கூடிய மின் சைக்கிள் எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடற்கரை நடைபாதையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே சமதரை, எந்த வண்டியும் பறக்கும். மேடுதான் சோதனை. மோட்டார் சக்கர அச்சில் இல்லாமல் பெடல் அருகே இருந்தால் கியரின் பலன் அதற்கும் கிடைக்கும், ஏற்றத்தில் அவ்வளவாகத் திணறாது. இறக்கத்துக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்.

36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் சுமார் 500 வாட்-மணி மின்சாரம் பிடிக்கும், நகரத்துக்குப் போதும். சார்ஜ் போட பேட்டரியை மட்டும் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். 20 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டியை மாடிக்கு யார் தூக்குவது?

சேலை கட்டுபவர் என்றால் சங்கிலி மூடியும் பின்சக்கர மறைப்பும் கட்டாயம். உப்புக் காற்றில் சங்கிலி சீக்கிரம் துருப்பிடிக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது.