ஐந்து வாட் வால்வு செட்டில் பேஸ்

வணக்கம் ஐயா,

என் ஆம்ப்ளிஃபயரில் சேனலுக்கு ஒரு இஎல்84 வால்வு (வெற்றிடக் குழாய்), சிங்கிள் எண்டட் (ஒலி அலை முழுவதையும் அதே வால்வு பெருக்கும் வகை), 5 வாட். ஸ்பீக்கர் 85 டெசிபல் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எழும் ஒலி அளவு). குரல் அருமையாக இருக்கிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் எழவே இல்லை. வால்யூம் கூட்டினால் ஒலி உடைகிறது. சேனலுக்கு இன்னொரு இஎல்84 இணைத்தால் பவரும் பேஸும் கூடுமா?

அன்புள்ள நண்பருக்கு,

இணைக்காதீர்கள், பேஸ் இன்னும் கெடும். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் சிங்கிள் எண்டட் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பாட்டோடு வால்வின் டிசி கரண்டும் ஓயாமல் ஓடுகிறது. அதைத் தாங்கத்தான் இரும்பு கோரில் இடைவெளி விடுகிறார்கள். டிசி இரட்டித்தால் கோர் சாச்சுரேட் ஆகும், அதாவது காந்தம் அதன் எல்லையைத் தொட்டுவிடும். முதலில் அடிபடுவது தாழ்ந்த சுரங்கள். ஒவ்வொரு வால்வின் ஹீட்டரும் 0.76 ஆம்பியர் கேட்கும், பவர் டிரான்ஸ்ஃபார்மரும் கொதிக்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

அந்தப் பணத்தில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்குங்கள். 5 வாட்டே இப்போதைய ஸ்பீக்கரில் 20 வாட் போட்டதுபோலக் கேட்கும்.

பேஸுக்கு முதலில் ஸ்பீக்கர் ஒயர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். அது சரியென்றால் செட்டைத் திறக்கலாம். உள்ளே 250, 300 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளையில் மின்சாரம் தேங்கி நிற்கும் ஃபில்டர் கண்டென்சரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் சில விநாடி டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் செட்டை ஓட்டவே கூடாது.

நான் முதலில் சந்தேகப்படுவது இஎல்84-இன் கேத்தோடு கண்டென்சரை (கேத்தோடு என்ற முனையின் ரெசிஸ்டருக்கு இணையாக இருப்பது). பல செட்டுகளில் 25 மைக்ரோஃபாரட்தான் இருக்கும். கேத்தோடு ரெசிஸ்டர் 150 ஓம் என்றாலும், வால்வின் சொந்த எதிர்ப்பு சுமார் 90 ஓம் அதற்கு இணையாக நிற்பதால், கண்டென்சருக்குத் தெரிவது 55 ஓம்தான். கணக்குப் போட்டால் 115 ஹெர்ட்ஸ் அளவிலேயே கெயின் (பெருக்கம்) சரியத் தொடங்கிவிடுகிறது. 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போட்டால் அந்த எல்லை 6 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சில ரூபாய் வேலை இது. பழைய கண்டென்சர் காய்ந்துபோயிருந்தால் வித்தியாசம் இன்னும் தெரியும்.

அடுத்தது கப்ளிங் கண்டென்சர், முந்தைய கட்டத்திலிருந்து இஎல்84-இன் கிரிட் முனைக்குப் பாட்டைக் கடத்துவது. 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரோடு 0.01 மைக்ரோஃபாரட் இருந்தால் எல்லை 34 ஹெர்ட்ஸ், 0.047 போட்டால் 7 ஹெர்ட்ஸ். 630 வோல்ட் ஃபிலிம் வகையே போதும். 0.047-க்கு மேல் பெரிதாக்கினால் ஃபீட்பேக் உள்ள (அவுட்புட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பித் தரும்) செட் புட்புட்டென்று அடிக்கத் தொடங்கலாம்.

ஃபில்டர் கண்டென்சரையும் பெரிதாக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் இஇஸட்81 வால்வு என்றால் முதல் ஃபில்டர் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது, வால்வு போய்விடும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் குறை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். பிரைமரியின் (வால்வு பக்கச் சுருளின்) இண்டக்டன்ஸ் 10 ஹென்றிதான் என்றால், ஃபீட்பேக் இல்லாதபோது 70 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழும். 20 ஹென்றிக்கு மேல், பெரிய கோரில் வாங்க வேண்டும்.

அது கட்டுப்படியாகாவிட்டால் பவர்டு சப்வூஃபர் (சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள பேஸ் ஸ்பீக்கர்) வையுங்கள். அதற்கான சிக்னலை பிளேயரிலிருந்தே பிரித்துக்கொடுங்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம், 100 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் சேனலுக்கு ஒரு 0.022 மைக்ரோஃபாரட் தொடராகப் போட்டால் 72 ஹெர்ட்ஸுக்குக் கீழே வால்வின் சுமை படிப்படியாகக் குறையும். அந்த 5 வாட்டும் குரலுக்கும் வீணைக்கும் மிச்சமாகும், வால்யூம் கூட்டும்போது உடைவதும் தள்ளிப்போகும்.